ஒழுங்கைக்கு ஒரு நிறம்

முதலில் கதிரையை வீதிப் பக்கம் திருப்பிப் போடுவார். ஸலாமுக்குப் பதில், சுகநலம், மற்றதெல்லாம் பிறகுதான். கணவனும் மனைவியுமாக யாராவது கடைப்படியில் கால் வைத்தால் போதும், கச்சிமுகம்மதுவின் கை தன்பாட்டில் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைத் தேடிப் போய்விடும். "நீங்க இதில குந்துங்க தம்பி. நல்ல காத்து. றோட்டப் பாத்துக்கிட்டு இரிங்க." கணவன் குந்துவான். பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து அவனுக்கு ஒரு பிளேன்டி வரும். அவன் முதுகுக்குப் பின்னால் புதுச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவில் அவன் மனைவி தன்னந்தனியாக நிற்பாள்.

பெண்கள் சைக்கிள் வாங்கும்போது ஆண்களை உள்ளே விடுவதில்லை என்பது அவருடைய கொள்கை. "உள்ளுக்கு விட்டா கறுப்புத்தான் எடுப்பாங்க தங்கச்சி. 'கறுப்ப எடு, ஊத்த தெரியாது' எண்டுவாங்க. ஊத்த தெரியாம இரிக்கிறத்துக்கு இது என்ன, அடுப்படிப் பிடிதுணியா?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். கேட்ட வேகத்தைப் பார்த்தால் இதுவரை கறுப்புச் சைக்கிள் எடுத்த ஆண்கள் எல்லாருக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கல்முனைக் கடைத்தெருவில் அவருடைய சைக்கிள் கடைக்கு நேர் எதிரே உள்ள மருந்துக்கடையில் நான் வேலை செய்கிறேன். ஒரு இருமல் மருந்துக்கும் அடுத்த சீனி வருத்த மாத்திரைக்கும் இடையில் கிடைக்கிற நேரமெல்லாம் என் கண் அந்தக் கடையில்தான் இருக்கும். வேலையில் கவனம் போதாது என்று முதலாளி சொல்வார். அவர் சொல்வது சரிதான். ஆனால் எதிரே இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு மாத்திரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நிறம் எடுத்துக் கொடுக்கிறவர், தனக்கென்று வைத்திருப்பது வெள்ளைச் சேட், வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. அவருடைய மேனியில் நிறம் என்று சொல்ல ஒன்றிருந்தால் அது தாடிதான். நல்ல மருதோன்றிச் சிவப்பு. அதுவும் அவருடைய கைங்கரியம் அல்ல. அவருடைய மனைவி உம்மு வியாழக்கிழமைகளில் மருதோன்றி அரைத்து, அவரைப் பிடித்து இருத்தி, பூசி விடுவது. இந்தத் தாடியை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கம்பனிக்காரன் பெட்டியில் அச்சடித்து அனுப்பும் நிறப் பெயர்களை அவர் மதிப்பதே இல்லை. கடையில் நிற்பவை மயில்கழுத்து, கத்தரிப்பூ, கிளிக்குஞ்சு, பப்பாசிப்பழம், பீற்றூட். ஒருமுறை மண்ணிறத்தில் நாலைந்து வந்து, ஒருவரும் தொடாமல் தூசு பிடித்து நின்றன. நோன்பு மாதம் வரும்வரை பொறுத்திருந்தார். வந்ததும் அவற்றைத் துடைத்து வாசலில் நிறுத்தி, "இது வட்டிலப்பம்" என்று சொல்லத் தொடங்கினார். பெருநாளுக்கு முன்னம் அத்தனையும் போய்விட்டன. "அஸர் தொழுகைக்குப் பிறகு, பசிக்கிற நேரத்தில, வட்டிலப்பத்தக் காட்டினா விட்டுட்டுப் போவாங்களா?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் படியேறும்போதே, "எந்த நிறமெண்டாலும் பரவாயில்ல காக்கா" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். ஊருக்கெல்லாம் அவர் காக்கா, அண்ணன். அதைக் கேட்டதும் அவர் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பி, "கதிரக்காரருக்கு ரெண்டு பிளேன்டி" என்பார். பரவாயில்லை என்று சொல்கிறவர்தான் கடை பூட்டும் வரைக்கும் நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். "இதுதான் வேணும் எண்டு வாறவ டக்கெண்டு போயிடுவா. இவ ஊட்டில ஒண்டுக்கும் வாய் திறக்காத ஆள். கேட்டுப் பழக்கமில்ல. கொஞ்சம் நேரம் குடுக்கணும்" என்பார்.

அந்த நேரத்தை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் அவருடைய தொழில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, மேசையோரம் நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஒன்றை ஒரு கண்ணால் பார்ப்பாள். கை வேறொன்றின் ஹாண்டிலில் போய்ப் பிடிக்கும். விடும். சுற்றி வந்து திரும்பவும் அதையே பிடிக்கும். "கண் பொய் சொல்லும் தங்கச்சி. கண் ஊருக்குப் பயம். கை பொய் சொல்லாது. கை ரெண்டாம் தரம் எங்க போய்ப் பிடிக்குதோ, அதுதான் நஸீபு, அவவுக்கு எழுதினது." பிடித்துவிட்டால் மணியை அடிக்கச் சொல்லியிருப்பார். மணி அடித்ததும் கூரையிலிருந்து கண்ணை இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எந்த ஒழுங்கை?"

எந்தச் சந்தில் வீடு என்பதுதான் கேள்வி; ஆனால் இது விலாசம் விசாரிப்பதற்கல்ல. ஒரு ஒழுங்கைக்கு ஒரு நிறம் என்பது அவர் வகுத்த சட்டம். பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் எந்த ஒழுங்கையில் எந்த நிறம் ஓடுகிறது என்பது அவருடைய மண்டைக்குள் இருக்கிறது. "அது உங்கட ஒழுங்கைக்குப் போயிட்டு. வேற பாருங்க" என்று சொன்னால் சொன்னதுதான். காசை மேசையில் வைத்தாலும் தரமாட்டார்.

இந்தப் பக்கத்தை அறியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கறுப்பு அபாயாவும் முகமூடியும் அணிந்து பத்துப் பெண்கள் வீதியில் வரிசையாகப் போனால் அவர்களில் நம் ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சைக்கிளைப் பார்த்துத்தான். ஒரு வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளின் நிறத்தை வைத்து உள்ளே யார் வந்திருக்கிறார், வந்து எவ்வளவு நேரம் என்று ஊரே கணக்கு வைத்திருக்கும். என் தோழி ஸுஹைறா ஊரில் யாரிடமும் இல்லாத நிறம் வேண்டும் என்று பப்பாசிப்பழத்தை எடுத்துப் போனாள். இரண்டு கிழமையில் முறைப்பாட்டோடு வந்தாள். "உம்மாட ஊட்டுக்குப் போனா, நான் திரும்பி வாறத்துக்கு முதல் மாமிக்குத் தெரிஞ்சிருது காக்கா!" அவர் சிரித்தார். "நீங்க நிறமா கேட்ட, ரகசியமா கேட்ட? ரகசியம் எண்டா சாம்பல் நிறத்தயல்லவா தந்திருப்பன்."

சட்டம் பிறந்த கதை சீனிமுகம்மதுவின் கதை. முன்பு ஒருகாலத்தில் சாய்ந்தமருதில் ஒரே ஒழுங்கையில் இரண்டு பெண்களுக்கு ஒரே றோஸ் நிறத்தைக் கொடுத்துவிட்டார். அதில் ஒருத்தி மீன் வியாபாரி சீனிமுகம்மதுவின் மனைவி. அவர் ஒருநாள் மத்தியானம் பசியோடு வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவியும் இல்லை. தேடிப் புறப்பட்டவர் கடற்கரை வீதியில் றோஸ் சைக்கிள் ஒன்று போவதைக் கண்டார். தன் மோட்டார் சைக்கிளை அதன் பின்னால் விட்டார். "சோறும் இல்ல, திறப்பும் இல்ல, உனக்கு என்னடி ஊர்வலம்?" என்று தொடங்கி, மாமியார், மைத்துனன்மார் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் ஏசிக்கொண்டே போனார். சைக்கிள் நிற்கவில்லை. வேகம்தான் கூடியது. அதனால் ஏச்சும் கூடியது. கடைசியில் பள்ளிவாசல் வாசலில்தான் அது நின்றது. இறங்கியவர் பள்ளிவாசல் தலைவரின் மனைவி.

அன்றைக்கு மீதி மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டு சீனிமுகம்மது நேரே கல்முனைக்கு வந்தார். "ஒரு ஒழுங்கைக்கு ஒரு றோஸ் காணாதா காக்கா?" என்று அழாக்குறையாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் சட்டமாயிற்று.

சட்டம் என்னையும் விடவில்லை. எங்கள் பாண்டிருப்புக்கு நீலம் கேட்டுப் போனேன். "உங்கட ஒழுங்கையில மீனாம்பிகை டீச்சருக்கு நீலம் குடுத்திட்டனே" என்று கைவிரித்தார். கடைசியில் நான் மணி அடித்தது பீற்றூட்டில். "இதென்ன நிறம், வெட்டின கத்தியைக் கழுவாம வச்ச மாதிரி" என்று அம்மா முகம் சுளித்தா. இப்போது கோயிலுக்குப் போக அம்மாவுக்கு அந்தச் சைக்கிள்தான் வேண்டும். எனக்குத்தான் கிடைப்பதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரரின் வீட்டில் என்ன நிறம் என்று கேட்க வேண்டும் அல்லவா?

உம்மு மருதமுனைக்காரி. எங்கள் கரையோர வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும். கல்முனைக்குடியில் பிறந்த கச்சிமுகம்மதுவும் கலியாணத்தோடு மருதமுனைக்குப் போய், தறிச்சத்தம் கேட்கிற வீட்டில் குடியேறினார். பெற்றோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலத்தில் அவருடைய கடையில் சைக்கிள்கள் வந்த வேகத்திலேயே போயின. எல்லாம் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சாம்பலும் இல்லை, பச்சையும் இல்லை, தொட்ட பெண்ணெல்லாம் கையைத் துடைத்துக்கொள்கிற ஒரு நிறம். வட்டிலப்பத்துக்குப் பெயர் வைத்தவராலேயே அதற்குப் பெயர் வைக்க முடியவில்லை. அதை உருட்டிக்கொண்டு போய் உம்முவிடம் கொடுத்தார். "நம்மட ஊட்டுக்குத்தானே, இது காணும், வேற என்னத்துக்கு?" என்றாராம்.

உம்மு அதில்தான் இத்தனை வருடமும் ஓடினார். குர்ஆன் ஓதிக் கொடுக்கப் போவதும் அதில், சந்தைக்குப் போவதும் அதில். "என்ன நிறம் றாத்தா இது?" என்று நான் கேட்டபோது, யோசிக்காமல், "சட்டி கழுவின தண்ணி" என்றார்.

கடற்காற்று யாரையும் விடாது. இந்த வருடம் அந்தச் சைக்கிளின் இரும்புச் சட்டம் துருப்பிடித்து உக்கி, ஒருநாள் சந்தை வாசலில் வைத்து இரண்டாகத் தொங்கிவிட்டது. உம்மு ஓட்டோவில் வீட்டுக்குப் போனார். போய், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி ஒரு அறிவித்தல் விட்டார்: "புதுச் சைக்கிள் எடுக்கப் போறன். சாய்ந்தமருதில, அப்துல் ஸமட் காக்காட கடையில."

செய்தி அன்றைக்கே கல்முனைக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. அப்துல் ஸமட் கச்சிமுகம்மதுவின் போட்டிக்காரர். அவருடைய கடையில் கதிரை இல்லை. கணவன்மார் உள்ளே போய்த் தாராளமாகக் கறுப்பு எடுப்பார்கள். கச்சிமுகம்மதுவின் சொந்த மனைவி அங்கே போய்ச் சைக்கிள் எடுத்தால், பிறகு எந்தப் பெண் இவரை நம்பி மணியை அடிப்பாள்? "அந்தாள்ர பொண்டாட்டியே அங்க வாங்கல்ல" என்ற ஒரு வசனம் போதும், கடையை இழுத்து மூட. சாய்ந்தமருதுக்குப் போக உம்மு இந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது இன்னொரு கேடு.

அப்போதுதான் நாங்கள் தாடியைக் கவனித்தோம். அடியில் வெள்ளை தெரிந்தது. மருதோன்றி அரைப்பது பெருநாளுக்கு முன்னமே நின்றுவிட்டதாம். அவர்தான் யாருக்கும் சொல்லாமல் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுச் சமாளித்திருக்கிறார். தாடியை மறைக்கத் தொப்பி உதவுமா? வெள்ளை வளர வளர, கடைத்தெருவில் உள்ளவர்கள் அதைப் பார்த்தே வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள். "இண்டைக்கு அரை அங்குலம்" என்று தேநீர்க் கடையில் பேச்சு.

கச்சிமுகம்மது சும்மா இருக்கவில்லை. ஒருநாள் கடை பூட்டியதும் றோஸ் சைக்கிள் ஒன்றில் தானே ஏறி வீட்டுக்குப் போனார். பாதி வெள்ளையும் பாதிச் சிவப்புமாய்த் தாடி, சாரனை ஒரு கையால் பிடித்தபடி, முன்னால் பூக்கூடை வைத்த பெண்கள் சைக்கிள். பாண்டிருப்பில் எங்கள் அம்மா படலையடியில் நின்று பார்த்துவிட்டு வந்து, "உங்கட காக்காவுக்கு ஏதும் நேர்த்திக்கடனா?" என்று கேட்டா. அடுத்த நாள் காலை அதே றோஸில் திரும்பி வந்தார். பிறகு கிளிக்குஞ்சில் போனார், அதிலேயே வந்தார். பிறகு கத்தரிப்பூ. உம்மு ஒவ்வொன்றையும் வாசலில் நின்று பார்த்து, "வடிவாத்தான் இரிக்கி. ஆருக்கு?" என்று மட்டும் கேட்டு உள்ளே போய்விடுவாராம்.

ஒரு முற்பகல் உம்மு பிறஷர் மாத்திரை வாங்க என்னிடம் வந்தார். எதிர்க்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "காக்கா கொண்டு வந்ததில ஒண்டும் பிடிக்கல்லையா றாத்தா?" என்று கேட்டேன்.

"கொண்டு வாறாருதான். ஆர் கேட்ட? மீன்காரன் வாசலுக்கு வாற மாதிரி ஒவ்வொண்டாக் கொண்டு வந்து காட்டுறாரு."

"உங்களுக்கு எந்த நிறம் விருப்பம்?"

அவருடைய கை மாத்திரைப் பையை மடித்துப் பிரித்து மடித்தது. "மயில்கழுத்து" என்றார், குரலைத் தாழ்த்தி. "எங்கட தறியில எனக்கெண்டு முதல்ல நெய்த சேல அந்த நிறம். அவர் கடையில சொல்ற பேரெல்லாம் ஆர்ர பேர் எண்டு நினைக்காய்? கலியாணம் முடிச்சு வரக்குள்ள அவருக்குச் சிவப்பும் பச்சையும்தான் தெரியும். மயில்கழுத்து, கத்தரிப்பூ எல்லாம் நான் நூலக் காட்டிச் சொல்லிக் குடுத்த. அந்த மயில்கழுத்தப் பெருநாளைக்கு முதல் பக்கத்து ஊட்டு றிஸ்லாக்குக் குடுத்திட்டு வந்து, 'நம்மட ஒழுங்கைக்கு மயில்கழுத்துக் குடுத்தாச்சு' எண்டு பெருமையாச் சொல்றாருகா. அப்ப நான் எந்த ஒழுங்கை? எனக்கு இனிக் கேக்கவும் ஏலாது. ஒழுங்கைக்கு ஒண்டுதானே சட்டம்."

சிரிக்க வேண்டிய இடமா இது என்று எனக்குத் தெரியவில்லை.

"அவர்ட்டச் சொல்லிடாத" என்றார் உம்மு. "சொன்னா அதையும் உருட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்திருவாரு. ஊரான் பொண்டாட்டிகள நடுவில விட்டிட்டு வாய மூடிக்கிட்டு நிக்கிறாரே, அது எனக்கு ஒரு நாள் நடந்திரிக்கா?"

அவர் ஓட்டோவில் ஏறிப் போனதுதான் தாமதம், கச்சிமுகம்மது வீதியைக் கடந்து ஓடி வந்தார். "உங்களோட கதச்சாவே, என்ன நிறமாம் தங்கச்சி?"

"அதைச் சொல்ல எனக்கு உத்தரவில்லை காக்கா. நீங்க றாத்தாவைக் கடைக்கு வரச் சொன்னீங்களா?"

"கடைக்கா?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அவ என்னத்துக்குக் கடைக்கு வாற? நம்மட ஊட்டு ஆள்தானே."

அந்த மனிதரில் எனக்கு எவ்வளவோ பிரியம். ஆனாலும் அந்த நேரம் சுள்ளென்று கோபம் வந்தது. "ஓம், வீட்டு ஆள் எண்டா சட்டி கழுவின தண்ணி. ஊரார் எண்டா கத்தரிப்பூ, கிளிக்குஞ்சு. நல்ல நியாயம்" என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்று, தாடியின் வெள்ளையும் சிவப்பும் சேருகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடை திறந்ததும் வந்து, கலியாண வீட்டுக்கு ஆள் சொல்லிவிட்டு வந்தவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஸலாம் சொல்லித்தான் கூப்பிட்டன். 'நம்மட கடைக்கு ஒருக்கா வாங்க' எண்டு."

"என்ன சொன்னா?"

"'சாய்ந்தமருதுக்குப் போற வழியில உங்கட கட இரிந்தா எட்டிப் பாப்பம்' எண்டா." சொல்லும்போது அவருக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி.

புதுச் சரக்கு வந்திருந்த கிழமை அது. துடைத்ததையே திரும்பத் துடைத்தார். கத்தரிப்பூவை முன்னுக்குக் கொண்டு வந்தார், றோஸைப் பின்னுக்குத் தள்ளினார், மறுபடி மாற்றினார். வந்ததில் ஒரே ஒரு மயில்கழுத்து இருந்தது. அதை மட்டும் பெரியநீலாவணைக்கு ஆகும் என்று பின்சுவரோடு சாத்தி வைத்துவிட்டார். எனக்கு எழுந்து போய் அவருடைய தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஓட்டோ வந்தது. வேகத்தைக் குறைக்காமல் கடையைத் தாண்டிப் போனது. கச்சிமுகம்மதுவின் முகம் செத்துவிட்டது. ஓட்டோ கொஞ்சத் தூரம் போய் நின்றது; பின்னுக்கு வந்தது. உம்மு இறங்கினார். கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, முதல் தரம் வருகிறவர் போலக் கடையின் பெயர்ப்பலகையை ஒருமுறை வாசித்துவிட்டுப் படியேறினார்.

அவ்வளவுதான், கச்சிமுகம்மதுவின் வாய் அவிழ்ந்துவிட்டது. "வாங்க, வாங்க, இஞ்சால வாங்க. இது கத்தரிப்பூ, ஊட்டுக்கும் கொண்டு வந்தனே. வெளிச்சத்தில பாக்கணும் இத. இந்தா கிளிக்குஞ்சு, ஸீட் நல்ல மெத்து, உங்கட இடுப்பு நோவுக்கு நல்லம். அபாயா சிக்காத மாதிரி வலையும் போட்டுத் தாறன். இந்த றோஸ் இரிக்கே..." கூரையைப் பார்த்து வாய் மூடி நிற்கிற அந்தக் கச்சிமுகம்மது எங்கே போனாரோ தெரியவில்லை. உம்மு ஒன்றையும் தொடவில்லை. பொங்குகிற பால் அடங்கட்டும் என்று அடுப்படியில் நிற்பது போல் நின்றார்.

றோஸின் ஹாண்டிலைப் பிடித்தபடி இருந்தவர் உம்முவின் முகத்தைப் பார்த்தார். பாதிச் சொல்லில் நிறுத்தினார். அவருடைய கை தன்பாட்டில் பின்னால் போய் அந்தச் சிவப்புக் கதிரையைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். இருத்துவதற்குக் கடையில் வேறு ஆம்பிளை இல்லை. கதிரையைத் தூக்கினார். வாசலுக்குக் கொண்டு வந்தார். வீதிப் பக்கம் திருப்பிப் போட்டார். சாரனை ஒதுக்கிக்கொண்டு அதில் தானே குந்தினார்.

தேநீர்க் கடைக்காரர் பழக்கதோஷத்தில், கதிரையில் ஆள் இருக்கிறது என்றதும், ஆளைப் பாராமலே ஒரு பிளேன்டியைக் கொண்டு வந்து நீட்டினார். நீட்டிய பிறகு ஆளைப் பார்த்து விழித்தார். கச்சிமுகம்மது வாங்கிக்கொண்டார்.

இப்போது அவர் எனக்கு நேர் எதிரே இருந்தார். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. அவருடைய முதுகுக்குப் பின்னால் உம்மு நடந்தார். கத்தரிப்பூவைக் கடந்தார். கிளிக்குஞ்சின் கூடையை விரலால் தட்டினார். கச்சிமுகம்மது புருவத்தை உயர்த்தி என்னிடம் எது என்று கேட்டார். நான் குனிந்து மாத்திரை அட்டைகளை அடுக்கினேன். திரும்ப நிமிர்ந்தபோது உம்மு பின்சுவரடியில் நின்றார். மயில்கழுத்தின் ஹாண்டிலில் ஒரு கை இருந்தது. கையை எடுத்தார். றோஸ் வரைக்கும் வந்தார். திரும்பிப் போய் இரண்டு கையாலும் பிடித்தார்.

மணி அடித்தது.

சத்தம் வந்தது பின்சுவரடியிலிருந்து; அங்கே நிற்பது எது என்று கச்சிமுகம்மதுவுக்குத் தெரியும். அவருடைய ஒழுங்கையில் அந்த நிறம் யாருடையது என்றும் தெரியும். அவருக்கு வாய் திறந்தது. றிஸ்லா, சீனிமுகம்மது, கடற்கரை வீதி, இனி நாளைக்குத் தானே எந்தச் சைக்கிளுக்குப் பின்னால் போய் எவளை ஏசப்போகிறோமோ என்ற பயம் எல்லாம் அந்த முகத்தில் வந்து நின்றன. "எந்த" என்ற சொல் உதட்டு வரைக்கும் வந்ததை வீதிக்கு இப்பால் இருந்தே நான் கண்டேன்.

மணி இரண்டாம் தரமும் அடித்தது. அவர் திரும்பவில்லை. வீதியைப் பார்த்தபடி பிளேன்டியை வாய்க்குக் கொண்டுபோய், ஊதி, ஒரு மிடறு குடித்தார்.